காஞ்சிபுரம் போய்ச் சம்மணம் போட்ட கதை

காஞ்சிபுரம் போய் வந்தேன் என்றதும் நம் சங்கத்துச் செயலாளர், ஆண்டு மலருக்குக் கோயில்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். கோயில்களைப் பற்றி எழுதப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். ஆகவே என் இடுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

பினாங்கில் கன்னியப்பன் என்கிற என்னைத் தெரியாதவர்கள் குறைவு. பதினாறு வயதில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் திருப்புட்குழியிலிருந்து ஒரு துணிமூட்டையோடு கப்பல் ஏறினேன். லாரி கழுவினேன், பிறகு லாரி ஓட்டினேன், இன்றைக்கு ஏழு லாரிக்குச் சொந்தக்காரன். யாரும் கைதூக்கிவிடவில்லை. ஆனால் முப்பது வருஷம் லாரியில் உட்கார்ந்ததில் இடுப்பு அந்த இருக்கையின் வடிவத்துக்கே ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் நான் ராஜா. தரையில் உட்காரச் சொன்னால் வலது தொடையின் வெளிப்புறம், இடுப்பெலும்பிலிருந்து முழங்கால் வரைக்கும், யாரோ உள்ளே கம்பி போட்டு முறுக்குவது போல் இழுக்கும். முழங்கால் ஆகாயத்தைப் பார்க்கும். பினாங்கில் இதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை. அங்கே சாப்பிட மேஜை, முடிவெட்ட நாற்காலி, சங்கக் கூட்டத்துக்கு முன்வரிசையில் நாற்காலி.

என் மகள் மரகதம் மூன்று பையன்களுக்குப் பிறகு பிறந்தவள். மாப்பிள்ளை சின்ன காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் அங்கேதான். கல்யாணம் முடிந்து அவள் இருக்கப்போவதும் அங்கேதான். என் மனைவி பாக்கியமும் மரகதமும் ஒரு மாதம் முன்னாலேயே போய், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பாதி வீடு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பையன்கள் லாரிகளைப் பார்த்துக்கொள்ளப் பினாங்கிலேயே தங்கிவிட்டார்கள். நான் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது போய் இறங்கினேன்.

ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நின்றன. பினாங்கில் ரிக்‌ஷாவில் நம்மை முன்னால் உட்கார வைத்துப் பின்னாலிருந்து மிதித்துக்கொண்டு போவான். ஊரே நம்மைப் பார்க்கும். ஜட்கா அப்படியில்லை. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே கோணி விரித்திருக்கும். காலை மடக்கி முன்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டேன். வண்டிக்கார சாயபு திரும்பிப் பார்த்தார்.

"காலை மடக்கிக்கினு முன்னால வாங்க ஐயா. பின்பாரம் ஆவுது."

"மடங்காதுப்பா."

"மடங்காத காலு எங்கனா இருக்குதா? ஜல்தி குந்துங்க."

நான் சின்ன ஆள் இல்லை. வண்டி கிளம்பி, ஒரு மேட்டில் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்தது, முன்பக்கம் தூக்கியது. குதிரை முன்னங்கால் இரண்டையும் காற்றில் வைத்துக்கொண்டு தரையைத் தேடியது. சாயபு குதித்து இறங்கி, ஏர்க்காலில் தொங்கினார். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"ஏம்பா, குதிரைய உள்ள உக்கார வச்சிட்டு அவர இழுக்கச் சொல்லேன்" என்றார்.

கடைசியில் என் இரும்புப் பெட்டியை முன்னால் தள்ளி, அதன்மேல் சாயபு உட்கார்ந்து பாரத்தைச் சரிக்கட்டினார். பெண்ணைப் பெற்றவனாகிய நான், காஞ்சிபுரத்துக்குள் முதுகு முன்னாலும் முகம் பின்னாலுமாக நுழைந்தேன்.

மறுநாள் சம்பந்தி வீட்டில் விருந்து. சம்பந்தி ஏகாம்பரம் வீட்டில் நாலு தறி. அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கு மேல் பேச்சு இருக்காது. கூடத்தில் நாற்பது இலை போட்டிருந்தார்கள், எல்லாம் தரையில். நான் நாற்காலி கேட்டேன். அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலி மாப்பிள்ளை நோட்டுத் திருத்துகிற நாற்காலி. அதையும் அவர் மேஜையையும் கொண்டுவந்து போட்டு, என் இலையை அதன்மேல் விரித்தார்கள். கீழே நாற்பது பேர், மேலே நான் ஒருத்தன், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி. பரிமாறுகிற பெண்கள் என் இலைக்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்த இட்லி, தலையணை உயரம், வெட்டித்தான் போட்டார்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய். நம் ஊர்க் கடை இட்லி சாது. இது தொண்டைக்குள் போகும்போதே தான் யார் என்று சொல்லிக்கொண்டு போகும். நான் ஐந்து துண்டு சாப்பிட்டேன். அந்தப் பந்தியில் அதற்கு மேல் சாப்பிட்டவர் இல்லை.

வெற்றிலை போடும்போது சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வழக்கத்துல பொண்ணைப் பெத்தவரு மணையில சம்மணம் போட்டு உக்காந்துதான் தாரை வாத்துக் குடுக்கணும். உக்காந்தா தாலி ஏர்ற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது. ஒன்னேகால் மணி நேரம் ஆவும்."

"உட்கார முடியாவிட்டால்?" என்றேன்.

"பங்காளிங்க யாராவது உக்காந்து குடுக்கலாம். அதுவும் செல்லும்."

நான் வாய் திறப்பதற்குள் எதிர்ச்சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் பெரியப்பா மகன் துரைசாமி அண்ணன். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் கப்பலேறப் போன அன்று ஊர்க் கிணற்றடியில் நின்று, "இவன் போயி இன்னாத்தக் கிழிக்கப் போறான்" என்று சொன்னவர். நான் ஏழு லாரி வாங்கியது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று பாக்கியம் சொல்வாள்.

"நான் உக்காந்து குடுக்கறேன், இதுல இன்னா இருக்குது" என்றார் அண்ணன். "கன்னியப்பன் பின்னால நாற்காலி போட்டுக்கினு பாக்கட்டும்."

சொன்னதோடு விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, இடது பாதத்தை வலது தொடையின்மேலும் வலது பாதத்தை இடது தொடையின்மேலும் ஏற்றி, முழங்கால் இரண்டையும் தரையில் பட்டுப்பட்டென்று தட்டிக் காட்டினார்.

"நான் உக்காருவேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் கேட்டாள். "காலுதான் மடங்கல, வாயாவது மடங்கக் கூடாதா உங்களுக்கு?"

மரகதம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்: "நீங்கதான்பா உக்காரணும். பெரியப்பாவ நான் மூணு தடவதான் பார்த்திருக்கேன். அவர் யாரு என்னைக் குடுக்க?"

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

மூன்றாம் நாள் என் மூளையை உபயோகித்தேன். ஒரு தச்சரைக் கூப்பிட்டு ஒன்றரை அடி உயரத்தில் மணை செய்யச் சொன்னேன். மணை என்றால் மணைதானே, உயரம் எவ்வளவு என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? சாயங்காலம் தச்சர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது சம்பந்தி எதிரில் வந்துவிட்டார். சுற்றிவந்து பார்த்தார்.

"இது மணையா, பெஞ்சா, சம்பந்தி?"

அது பாக்கியத்துக்குத் தண்ணீர்க்குடம் வைக்க உதவியது.

அடுத்து ஒரு எண்ணெய் தேய்க்கிறவர் வந்தார். நம் ஊரில் ரொட்டி சானாய்க்கு மாவு அடிக்கிறவனைப் போல என் தொடையை அடித்தார், பிசைந்தார், வீசாததுதான் பாக்கி. தேய்க்கும்போது சுகமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தால் முழங்கால் அதே ஆகாயத்தில் நின்றது.

எங்கள் வீட்டின் மறுபாதியில் நாகம்மா என்று ஒரு தறிக்கார அம்மாள் இருந்தார். வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவில் தமிழ். ஐம்பது வயது இருக்கும். கணவர் போன பிறகு அவர் தறியில் தானே இறங்கிப் பட்டு நெய்கிறவர். அங்கே தறி என்பது தரையில் ஒரு குழி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, அடியிலிருக்கும் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே மேலே நெய்ய வேண்டும். நாலாம் நாள் காலை அவர் வேலை ஆரம்பிப்பதைப் பார்த்தேன். குழி விளிம்பில் உட்கார்ந்தவர் உடனே தறியைத் தொடவில்லை. ஒரு கணுக்காலைத் தூக்கி மற்ற முழங்காலின்மேல் குறுக்கே வைத்து, முதுகை வளைக்காமல் முன்பக்கம் சாய்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கால் மாற்றினார். பிறகுதான் குழியில் இறங்கினார்.

"இது என்னம்மா, சாமி கும்பிடுவதா?" என்று கேட்டேன்.

"இடுப்பக் கும்புடறது" என்றார். "நீங்க படியில எறங்கறத நாலு நாளா பாக்கறேன். நண்டு மாதிரி எறங்கறீங்க."

"முப்பது வருஷம் லாரி ஓட்டியவன்மா நான்."

"நானும் முப்பது வருசமா குழியில காலு தொங்கப் போட்டுக்கினுதான் குந்திக்கினு இருக்கறேன். என் காலு மடங்குது, உங்க காலு மடங்கல. லாரி மேல பழி போடாதீங்க."

ஒருவரும் என்னிடம் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் காரியம் ஆக வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். எட்டு நாளில் ஒன்றேகால் மணி நேரம் சம்மணம். அவர் என் இடுப்பை ஒரு தரம், முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"சரே. ஆனா சொன்னத மட்டும் செய்யணும். கூடப் பண்ணக் கூடாது. உங்களப் பாத்தா கூடப் பண்றவரு மாதிரி தெரியுது."

அவர் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். நாற்காலியிலேயே வயதான நம் சங்கத்தார் பயன்படுத்திக்கொள்ளட்டும். முதலாவது, நான் மேலே சொன்னது: உயரமாக உட்கார்ந்து கணுக்காலை எதிர் முழங்காலில் வைத்து முன்னால் சாய்வது. இரண்டாவது, மல்லாந்து படுத்து அதையே செய்வது. வலது கணுக்காலை இடது முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு, இடது தொடையைக் கையால் மார்புப் பக்கம் இழுக்க வேண்டும். மூன்றாவது, நின்றுகொண்டு செய்வது. வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்கே கொண்டுபோய் ஊன்றி, ஒரு கையால் சுவரையோ தூணையோ பிடித்து, வலது இடுப்பை வெளிப்பக்கம் தள்ளிச் சாய வேண்டும். தொடையின் வெளிப்புறத்தில் அந்தக் கம்பி இருக்கிறதே, அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அப்போது தெரியும். அந்த அம்மாள் என்னைத் தொடமாட்டார். நூல் சுற்றும் கழியால் தூரத்திலிருந்தே சுட்டிக்காட்டுவார். அவருக்குக் கோபம் வந்தால் கழி கிட்டே வரும்.

"எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்?"

"கடியாரம் வேணாம். என் தறி முப்பது அடி அடிக்கிற வரைக்கும் இருங்க. அப்புறம் காலை மாத்துங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சத்தம் கேக்கும்."

"வலித்தால்?"

"வலிக்கக் கூடாது. இழுக்கணும். வலிக்கும் இழுப்புக்கும் வித்தியாசம் தெரியாதவங்க பாவ அறுத்துருவாங்க, கால மட்டும் வுடுவாங்களா?"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அந்தத் தெருக்களில் காலை வேளையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிப்பார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நம் ஊரில் லாரிக்கு முன்னால் இப்படி நூலைக் கட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த லாரி என்னுடையதாக இருக்கும்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு வழி வேண்டும் என்று பாக்கியத்திடம் படியைக் கொண்டுவரச் சொன்னேன். அரிசி அளக்கிற படிதான். சம்மணம் போட்டு வலது முழங்காலுக்கு அடியில் அதை நிறுத்தினால் முதல் நாள் முழங்கால் படிக்கு மேலே நின்றது. மறுநாள் படியின் விளிம்பைத் தொட்டது. அதற்கு அடுத்த நாள் அரைப்படியில் வந்து உட்கார்ந்தது. பாக்கியம் அன்றைக்குச் சோற்றுக்கு அரிசியைக் கையாலேயே அள்ளிப்போட்டாள்.

"அளவெல்லாம் உங்க முட்டிக்கு அடியில இருக்குது" என்றாள்.

ஏழாம் நாள் வரதராஜப் பெருமாளைச் சேவிக்கப் போனோம். நூற்றுக்கால் மண்டபத்தில் பெண்கள் கல்சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்பானேன் என்று நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இடது காலுக்குப் பின்னால் போட்டு, இடுப்பைத் தள்ளிச் சாய்ந்தேன். கண்ணை மூடி முப்பது எண்ணினேன். தறி இல்லாத இடத்தில் மனசுக்குள்ளேதான் அடித்துக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு அம்மாள் அதேபோல் சாய்ந்து நிற்கிறார். அதற்கடுத்த தூணில் இன்னொருவர். ஒரு பஸ் நிறைய ஆந்திராவிலிருந்து வந்திருந்தார்கள். என்னிடம் ஒரு தெலுங்கு டிரைவர் பதினெட்டு வருஷம் இருந்தான், அதனால் அவர்கள் பேசியது புரிந்தது.

"இந்தத் தூணில் இப்படிச் சாய்ந்தால் என்ன பலன்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"தெரியவில்லை. அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார். விசேஷமானதாகத்தான் இருக்கும்" என்றாள் அவர் மருமகள்.

"எந்தக் கால் முதலில்?"

"வலது கால். சத்தம் போடாமல் சாயுங்கள் மாமா."

நான் இடது காலுக்கு மாறினேன். மண்டபத்தில் பதினைந்து பேர் இடது காலுக்கு மாறினார்கள். கிழவர் முடித்துவிட்டு நிமிர்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, பெருமாள் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். என்னைப் பார்த்தும் ஒன்று போட்டார். நான் மறுக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்குப் புத்தி கெட்டது. முழங்கால் அரைப்படிக்கும் கீழே, ஆழாக்கு உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. காலையில் அறைக்குள் படுத்து, வலது கணுக்காலை இடது முழங்காலில் ஏற்றி, தொடையை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவருக்கு அந்தப்பக்கம் காது கொடுத்தேன். தறி அடித்தது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. அதோடு நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். முப்பது என்றால் முப்பதுதான். இருபத்தொன்பதில் காலை இறக்குகிறவனாக இருந்தால் நான் இன்றைக்கும் லாரி கழுவிக்கொண்டிருப்பேன். வெளியே தபால்காரர் வந்து, பேசிவிட்டுப் போனார். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பாக்கியம் உள்ளே வந்தாள்.

"இன்னா பண்றீங்க இன்னும்?"

"பத்தொம்பது."

"இன்னா பத்தொம்பது?"

"பேசாத. எண்ணிக்க போயிடும்."

அவள் போய் உளுந்து அரைத்து முடித்துவிட்டு வந்தாள். நான் அப்படியேதான் இருந்தேன். தொடையின் வெளிப்புறத்தில் கம்பி போய், இப்போது அங்கே அடுப்பு எரிந்தது. பிறகு தறி மறுபடியும் கேட்டது. இருபது, இருபத்தொன்று. முப்பது வந்ததும் காலை இறக்கப் பார்த்தேன். கால் இறங்கவில்லை. பாக்கியமும் மரகதமும் சேர்ந்து ஆளுக்கொரு காலாகப் பிரித்தார்கள். எழுந்து நின்றால் வலது பக்கம் தரையில் ஊன்ற முடியவில்லை.

நாகம்மா வாசற்படியில் வந்து நின்று கேட்டார். கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"இழை அறுந்துபோச்சி. முடிச்சுப் போட்டுட்டு, காபி குடிச்சிட்டு, எங்க அக்கா பொண்ணு வந்தா, அதுகிட்ட நாலு வார்த்த பேசினேன். அதுவரைக்குமா தூக்கிக்கினு இருந்தீங்க?"

"எடுத்த எண்ணிக்கையைப் பாதியில் விட்டவன் இல்லை நான்."

"நான் திருப்பதி போயிருந்தா?"

நான் வலது தொடையைத் தேய்த்துக்கொண்டேன்.

"ரெண்டு நாளைக்கு ஒன்னும் பண்ணாதீங்க. வெந்நீர் ஊத்துங்க. தெருவுல மெதுவா நடங்க. கோவத்துல இழுக்காதீங்க. அப்புறம் பெருமாள் விட்ட வழி."

அந்த இரண்டு நாளும் சொன்னதை மட்டும் செய்தேன். தெருவில் பத்து வீடு நடப்பேன், நிற்பேன், திரும்புவேன். செய்தி பரவிவிட்டது. துரைசாமி அண்ணன் கையில் ஒரு புதுப் பட்டு வேட்டியோடு வந்தார்.

"சம்பந்தி குடுத்துட்டாரு, எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார். "டேய், இதுல இன்னாடா கௌரவம்? உன் பொண்ணு எம் பொண்ணு மாதிரிதான். நான் உக்காந்து குடுத்தா கல்யாணம் ஆவாதா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அவர் போனதும் மரகதம் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். என் காலைப் பார்த்தாள். அந்த வெந்நீரை ஊற்றிக்கொண்டபோது அழுதேன் என்று பாக்கியம் எல்லோரிடமும் சொல்கிறாள். ஆவி கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் நாகம்மா மறுபடியும் ஆரம்பித்தார். முப்பது இல்லை, பத்து அடி. பத்தையும் அவரே வாய்விட்டு எண்ணினார், தறியை நம்பவில்லை. கடைசியில் ஒரு யோசனை சொன்னார்.

"மணையில உக்காரச்சொல்லோ பின்பக்கத்துக்கு அடியில துணி மடிச்சி வையுங்க. நாலு விரல் ஒசரம். இடுப்பு ஏறுனா முட்டி தானா எறங்கும்."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே அம்மா."

"மொத நாளே சொல்லியிருந்தா துணிய மட்டும்தான் மடிச்சிருப்பீங்க."

கல்யாணத்தன்று விடியற்காலை வெந்நீர் குளியல், பத்துப் பத்தாக மூன்று பயிற்சியும். மேளம் கொட்ட, மணை போட்டார்கள். இரண்டு அங்குல உயரம், கோலம் போட்ட மணை. என் பட்டு அங்கவஸ்திரத்தை எட்டாக மடித்து அதன்மேல் போட்டேன். சம்பந்தி பார்த்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

உட்கார்ந்தேன். இடது கால் மடங்கியது. வலது கால் கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கியது. பக்கத்தில் பாக்கியம். எதிரில் மாப்பிள்ளை. கல்யாணக் கூடத்தில் நானூறு பேர் இருந்தார்கள். அதில் பாதிப்பேர் என் முழங்காலைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் சும்மா போயிற்று. புரோகிதர் எல்லாத் தேவர்களையும் பேர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவரைக்கூட விடவில்லை. முக்கால் மணிக்கு வலது தொடையில் கம்பி எட்டிப் பார்த்தது. ஒரு மணிக்குப் பாதம் எனக்குச் சொந்தமில்லை. பின்னால் துரைசாமி அண்ணன் குனிந்தார், பட்டு வேட்டி சரசரத்தது.

"கன்னியப்பா, முடியலன்னா சொல்லு. நான் ரெடியா இருக்கறேன்."

"நீ போயி சாப்புடு அண்ணா. மொதப் பந்தி உக்காந்துட்டாங்க."

பிறகு மரகதத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவள் வலது கையை என் கையில் வாங்கினேன். புரோகிதர் சொன்னபடி அதை மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். என் கை அவள் கைமேல் இருந்தது. பாக்கியம் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள்.

"இப்போ உங்க கையை எடுத்துடுங்கோ" என்றார் புரோகிதர்.

நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று நினைக்கவில்லை. கை வரவில்லை. பத்து நாளாக என் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கப்போகிறவன் நான்தான் என்று ஊரோடு சண்டை போட்டவன், எதைக் கொடுக்கப்போகிறேன் என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. கப்பலில் வரும்போது மூன்று டிக்கெட்டு, போகும்போது இரண்டு. இது எனக்கு அந்த மணையில்தான் தெரிந்தது. பாக்கியம் வார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் எங்கள் மூன்று கைமேலும் வழிந்து, என் வேட்டியை நனைத்து, புரோகிதர் புத்தகத்தை நோக்கிப் போயிற்று. அவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டார்.

"ஐயா, நீங்க கையை எடுத்தாத்தான் தாரை முடியும். முகூர்த்தம் போயிண்டிருக்கு."

"வுடுடா கன்னியப்பா" என்றார் அண்ணன் பின்னாலிருந்து. அவர் குரலும் சரியாக இல்லை.

மரகதம் தலை நிமிரவில்லை. அவள் கையும் என் கையைவிட்டு நகரவில்லை. மாப்பிள்ளைதான் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மாமா, அவசரம் இல்ல. மெதுவா எடுங்க."

அந்தப் பையன் அப்படிச் சொன்னதால் எடுத்தேன்.

மேளம் கொட்டினார்கள். தாலி ஏறியது. எல்லோரும் அட்சதையை வீசினார்கள். அதில் பாதி என் தலையில் விழுந்தது. வழக்கப்படி இனி நான் எழுந்துகொள்ளலாம். நான் வலது காலை முன்னால் நீட்டி, பாதத்துக்கு ரத்தம் திரும்புகிற வரைக்கும் பொறுத்து, மடக்கி, ஊன்றி, சுவரையும் பிடிக்காமல், ஒரு மனுஷன் கையையும் பிடிக்காமல், நானாகவே எழுந்து நேராக நின்றேன். ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு, அந்த இடுப்போடு, இந்த வயதில். சுற்றிப் பார்த்தேன். சம்பந்தி, நாகம்மா, துரைசாமி அண்ணன், பாக்கியம், எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.